நாயும் இனிப்பு நீரும்

ஒரு நோய்க்கு மக்கள் இட்ட பெயர், அந்நோயை அவர்கள் முதன்முதலில் எந்த வாயிலாகக் கண்டனர் என்பதைக் காட்டும். ஜொகூர் மாநிலத்தில் நாள்தோறும் நம் செவியில் விழும் மொழிகளையே எடுத்துக்கொள்வோம். மலாய்க்காரர் 'கெஞ்சிங் மானிஸ்' என்பர். இனிக்கும் சிறுநீர் என்பது அதன் நேர்ப்பொருள். சீனர் வழங்கும் சொல்லும் சர்க்கரைச் சிறுநீர் நோய் என்றே பொருள்படும். நம்மவர் 'இனிப்பு நீர்' என்பர்; ஏட்டு வழக்கில் 'நீரிழிவு' என்பர்; சித்த மருத்துவ நூலோர் 'மதுமேகம்' என்பர். ஆங்கிலேயர் வழங்கும் 'டயபிட்டிஸ் மெல்லிட்டஸ்' என்னும் தொடரில் முற்பகுதி கிரேக்கம். உடலினூடே நீர் கடந்தோடுதலைக் குறிப்பது. பிற்பகுதி இலத்தீன், தேனைச் சுட்டுவது. இத்தனை பெயர்களுள் ஒன்றேனும் இரத்தத்தையோ கணையத்தையோ சுட்டவில்லை என்பது நோக்கற்பாலது. எல்லாரும் கண்டது நீரை, அதன் இனிப்பை. நோயின் உறைவிடம் உடலின் எந்த உறுப்பு என்பதை உலகம் அறிந்துகொண்டது 1889-ஆம் ஆண்டில்தான். அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு நாய்.

இந்திய மருத்துவ மரபு இந்நோயை மிகப் பழங்காலத்திலேயே இனங்கண்டது. சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் நூல்கள் நோயாளியின் சிறுநீரை எறும்பும் ஈயும் மொய்ப்பதைக் குறித்துள்ளன. மேகநோய்களை இருபது வகையாகப் பகுத்து, அவற்றுள் தேனொத்த நீரை இறுதியாகவும் கொடிதாகவும் வைத்த பகுப்பு வடமொழி நூல்களில் உள்ளது. சித்த மருத்துவத்திலும் மேகநீர் இருபது என்னும் கணக்கு வழங்குகிறது. மேலைநாட்டில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான கப்படோசிய நாட்டு அரேட்டியஸ், தசை உருகி நீராகி வழியும் நோய் என்று இதனை விளக்கினார். இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் 1674-இல் அந்நீர் தேன்போல் இனிப்பதைப் பதிவு செய்தார். அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து, 1776-இல், மாத்தியூ டாப்சன் அந்நீரை வற்றக் காய்ச்சிச் சர்க்கரையையே கண்ணெதிரே காட்டினார். ஆனால் சர்க்கரை ஏன் நீரில் இறங்குகிறது என்ற வினாவிற்கு எவரிடமும் விடையில்லை.

இங்கே தமிழ் இலக்கியம் பயில்வோர்க்கு ஓர் இடைக்குறிப்பு. நம் முன்னோர் நாயைக் கூர்ந்து நோக்கினர் என்பதற்கு ஞமலி, ஞாளி, சுணங்கன் எனப் பல பெயர்கள் வழங்குவதே சான்று. சிறுபாணாற்றுப்படையில் வறுமையுற்ற பாணன் வீட்டு அடுக்களையில் அண்மையில் ஈன்ற பெண்நாய் ஒன்று கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் பால் சுரவாத முலையைப் பற்றி இழுக்க, அந்நோவு பொறாமல் அது குரைக்கிறது. வீட்டின் வறுமையை நாயின் உடலில் வைத்துக் காட்டிய புலவர் அவர். நாலடியாரோ வேல் பாய்ந்த நிலையிலும் தன் தலைவனைக் கண்டு வாலாட்டும் நாயை நட்பிற்கு உவமையாக்குகிறது. ஆயினும் நாய்க்கு வரும் நீரிழிவு பற்றிய குறிப்பு பண்டை இலக்கியத்தில் நாம் தேடிப் பெறத்தக்கதன்று. வேட்டைக்கும் காவலுக்கும் வைத்த நாய் முதுமை எய்தும் வரை வாழ்ந்ததே அரிதாயிருக்கும். இந்நோயோ பெரும்பாலும் ஏழு வயதிற்குமேல் தலைகாட்டுவது.

இனி 1889-க்கு வருவோம். ஜொகூரில் சுல்தான் அபு பக்கர் ஆட்சி செய்த காலம் அது. ரப்பர்த் தோட்டங்கள் இன்னும் எழவில்லை. மிளகும் கம்பீரும் விளைந்துகொண்டிருந்தன. அப்போது செருமானியப் பேரரசில் இருந்த ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி, யோசப் பான் மெரிங் என்னும் மருத்துவர் இருவர், கொழுப்புச் செரிமானத்தில் கணையத்திற்குள்ள பங்கைப் பற்றி வாதிட்டனர். கணையத்தை முழுவதும் அகற்றினால் நாய் பிழைக்குமா என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு. மின்கோவ்ஸ்கி அறுவை செய்து அகற்றியும் விட்டார். நாய் பிழைத்தது, ஆனால் வீட்டு ஒழுக்கம் நன்கு பழகியிருந்த அந்த நாய் ஆய்வுக்கூடத் தரையில் அடிக்கடி சிறுநீர் கழிக்கலாயிற்று. ஈக்கள் மொய்த்ததைப் பணியாள் ஒருவர் கண்டு கூறினார் என்றொரு கதையும் இதனோடு சேர்த்துச் சொல்லப்படும். அது பின்னாளில் ஒட்டிக்கொண்ட கதை என்பதே பொருந்தும். நீரை ஆய்ந்தபோது அதில் சர்க்கரை மிகுந்திருந்தது. கொழுப்பைத் தேடிப் போனவர் நீரிழிவின் வேரைக் கண்டார்.

கணையத்தினுள் சிறுசிறு தீவுகள்போல் சிதறிக் கிடக்கும் உயிரணுக் கூட்டங்களைப் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் மாணவர் 1869-இலேயே கண்டு எழுதியிருந்தார். அவற்றின் பணி இன்னதென்று அவர் அறியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான யூஜின் ஓபி, நீரிழிவால் இறந்தோரிடம் அத்திட்டுகள் சிதைந்திருப்பதைக் காட்டினார். அத்திட்டுகள் சுரக்கும் ஏதோ ஒரு பொருளே சர்க்கரையை ஆளுகிறது என்பது துணியப்பட்டது. அப்பொருளுக்கு 'இன்சுலின்' என்னும் பெயரும், 'தீவு' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் அடியாக, 1909-இல் முன்மொழியப்பட்டுவிட்டது. பெயர் இருந்தது, பொருள் கையில் இல்லை! பிள்ளை பிறக்குமுன்னே பெயரிட்ட கதைதான். பெர்லினில் ஜார்ஜ் சூல்சர் முயன்றார். அவருடைய சாறு பிணியைத் தணித்த போதிலும் நோயாளியை வருத்தியது. ருமேனியரான நிக்கோலே பவுலெஸ்கு கணையச் சாற்றை நாய்களுக்குச் செலுத்திச் சர்க்கரை குறைவதை நிறுவி 1921 ஆகஸ்டில் வெளியிட்டார். அவர் பெயர் பாடநூல்களில் போதிய இடம் பெறாமை வருந்தத்தக்கது.

கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்ததை உலகம் நன்கறியும். பிரெடெரிக் பான்டிங் என்னும் இளம் அறுவை மருத்துவர், 1920 அக்டோபர் 31-ஆம் நாள் அதிகாலையில் தமக்குத் தோன்றிய ஓர் எண்ணத்தைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். செரிமான நீர் கணையத் திட்டுச் சாற்றைக் கெடுக்கிறது. நாயின் கணைய நாளத்தைக் கட்டிவிட்டால் செரிமானப் பகுதி வாடி, திட்டுகள் எஞ்சும். எஞ்சியதிலிருந்து சாறு எடுக்கலாம் என்பது அவ்வெண்ணம். பேராசிரியர் மெக்லியாட் ஆய்வுக்கூடமும் சில நாய்களும் அளித்தார். மாணவர் சார்லஸ் பெஸ்ட் துணை நின்றார். 1921 மே 17-இல் பணி தொடங்கியது. முதலில் அளிக்கப்பட்ட நாய்களுள் பெரும்பாலானவை சில வாரங்களிலேயே மாண்டன. கோடை வெப்பம், நச்சுப் புண், கைத்திறக் குறைவு ஆகியவை காரணங்கள். சூலை 30-ஆம் நாள் 410 எண் இட்ட நாய்க்குச் சாறு செலுத்தினர். அதன் இரத்தச் சர்க்கரை இறங்கியது. 92 எண் கொண்ட நாய் கணையமின்றி இருபது நாள் உயிர் வாழ்ந்து, ஆகஸ்டு இறுதியில் இறந்தது. மனிதர் இறக்கக் கண்டபோது கலங்காத தாம், அந்த நாயின் மறைவில் தனிமையை நாடியதாகப் பான்டிங் பின்னாளில் எழுதினார்.

'மார்ஜரி' என்று பெயர் பெற்ற நாயே இவற்றுள் புகழ் மிக்கது. ஏறத்தாழ எழுபது நாள் அது சாற்றினால் உயிர் தாங்கியது. ஆனால் அதன் உடலை ஆய்ந்தபோது கணையத்தின் சிறு எச்சம் காணப்பட்டமையால், அந்த எழுபது நாளும் முழுச் சான்றாகா எனக் கொள்ள வேண்டியதாயிற்று. டொராண்டோ ஆய்வின் உள்விவரங்களை 1982-இல் நூலாக எழுதிய வரலாற்றாசிரியர் மைக்கேல் பிளிஸ், பான்டிங்கின் தொடக்கக் கருதுகோளே பிழைபட்டது என்பதையும், வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் சாற்றைத் தூய்மைப்படுத்தியிராவிடில் மனிதர்க்கு அது பயன்பட்டிராது என்பதையும் விளக்கினார். பிழையான எண்ணம் சரியான இடத்திற்குக் கொண்டு சேர்த்தது. அறிவியலில் இது புதுமையன்று.

1922 சனவரி 11-ஆம் நாள் லியோனர்ட் தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. பயன் சிறிதே, உடல் ஒவ்வாமையும் கண்டது. சனவரி 23-இல் காலிப் தூய்மைப்படுத்திய சாறு செலுத்தப்பட, சிறுவன் தேறினான். அந்நாளில் ஜொகூர் நீரிணையில் கடற்பாலம் எழுந்துகொண்டிருந்தது. அது 1924-இல் திறக்கப்பட்டது. ரப்பர் விலை வீழ்ந்து, நம் பாட்டன் பாட்டிமார் பால்மரத் தோட்டங்களில் வேலைக்குத் தவித்த காலமும் அதுவே. பான்டிங்கிற்கும் மெக்லியாட்டிற்கும் 1923-இல் நோபல் பரிசு கிட்டியது. முன்னவர் பெஸ்ட்டோடும் பின்னவர் காலிப்போடும் தத்தம் பங்கைப் பகிர்ந்துகொண்டனர். காப்புரிமையைப் பல்கலைக்கழகத்திற்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு விற்றனர் பான்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவர். நூறாண்டு கழித்து இன்சுலின் விற்கும் விலையை எண்ணுவோர் இச்செய்தியை ஒரு பெருமூச்சோடுதான் படிப்பர்.

அடுத்து வந்த அறுபதாண்டுக் காலம் உலகிற்கு இன்சுலின் வழங்கியவை இறைச்சிக் கூடங்களிலிருந்து வந்த மாட்டுக் கணையமும் பன்றிக் கணையமுமே. இசுலாமியரும் இந்துக்களும் அடுத்தடுத்து வாழும் நம் நாட்டில் இது எத்தகைய மனச்சிக்கல் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒருவர்க்கு ஒன்று ஆகாது. மற்றவர்க்கு மற்றொன்று ஆகாது. உயிர் காக்கும் மருந்து என்னும் நிலையில் பலர் ஏற்றனர்; சிலர் குப்பியின் மூலத்தைக் கேட்காமலே இருந்தனர். நுண்ணுயிரியைக் கொண்டு மனித இன்சுலினை ஆக்கும் முறை 1978-இல் கைகூடி, 1982-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பின்னரே இச்சிக்கல் நீங்கத் தொடங்கியது.

பிரெடெரிக் சாங்கர் என்னும் கேம்பிரிட்சு அறிஞர் 1955-இல் இன்சுலினின் அமைப்பு முழுவதையும் வரிசைப்படுத்திக் காட்டினார். அதற்காக 1958-இல் நோபல் பரிசு பெற்றார். ஐம்பத்தொரு அமினோ அமிலங்களாலான இரு சங்கிலிகள் கொண்டது அது. பிற உயிர்களின் இன்சுலினையும் ஆய்ந்தபோது ஒரு வியப்பு வெளிப்பட்டது. நாயின் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. மனித இன்சுலின் இவற்றினின்று ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறது. மாட்டினுடையதோ பன்றியினுடையதிலிருந்து ஈரிடங்களில் வேறுபடுகிறது. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வகுக்குமிடத்து நாயையும் பன்றியையும், புலி முயலோடு சேர்த்து, ஒரே நூற்பாவில் நிறுத்தி அவற்றின் குட்டியைக் 'குருளை' என வழங்குகிறது. ஆசிரியர் கருதியது சொல்வழக்கை, வேதியியலை அன்று. இவ்வொப்புமையைக் காட்டித் தொல்காப்பியத்தில் இன்சுலின் உண்டு என்று மேடையேறிவிடுவோரும் நம்மிடை உண்டாதலின் இதனை எச்சரிக்கையோடு சொல்கிறேன். எனினும் மரபியல் நடத்தும் ஆசிரியர்க்கு வகுப்பறையில் இஃதொரு சுவையான துணுக்காகும்.

இங்ஙனம் நாயின் உடலில் கண்டறிந்து மனிதர்க்கு ஆக்கிய மருந்து, நாய்க்கே மீண்டும் பயன்பட்டது. நாய்களுக்கென ஆக்கிய 'கேனின்சுலின்' என்னும் மருந்து பன்றியின் இன்சுலினே; நாயின் உடல் அதனை அயலானாகக் கருதுவதில்லை.

ஜொகூரில் இச்செய்தி நம் வீடுகளை எட்டக் காலதாமதமாயிற்று. குளுவாங், சிகாமட், கூலாய், கோத்தா திங்கி வட்டாரங்களில் தோட்ட வாழ்வு கண்டோர் லயத்து நாயை அறிவர். அது யாருடைய நாய் என்று திட்டமாகச் சொல்ல முடியாது. வரிசை வீடுகள் அனைத்திற்கும் காவல். மீந்த சோறும் குழம்பும் அதன் உணவு. அதற்கு நோய் என்றால் மக்கள் அஞ்சியது வெறிநோய் ஒன்றையே. 1952-இல் மலாயாவில் வெறிநோய் பரவியபோது கட்டாயத் தடுப்பூசியும் கேட்பாரற்ற நாய்களைக் கொல்லுதலும் நாடெங்கும் மேற்கொள்ளப்பட்டன. அரசின் கால்நடைத் துறைக்கு நாய் என்றால் முதலில் நினைவில் எழுந்தது அதுவே. மற்றபடி அதன் அக்கறை மாடு, ஆடு, கோழி ஆகியவற்றின் மீது. குளுவாங்கில் நெடுநாள் இயங்கிவரும் அரசின் கால்நடை நிலையமும் அந்நோக்கத்தில் எழுந்ததே. நாட்டிலேயே கால்நடை மருத்துவர் பட்டம் பெற வழி பிறந்தது 1971-இல் செர்டாங்கில் விவசாயப் பல்கலைக்கழகம் தோன்றிய பிறகு. தமிழகத்திலோ சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. ஆனால் அங்கும் குதிரையும் மாடும் முன்நின்ற காலம் நெடிது.

மனிதர் பக்கத்தில் நிலை வேறு. மலேசிய நலவாழ்வு ஆய்வு 2019-இல் நாட்டின் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவுடையோர் எனக் கணித்தது. இந்தியரிடையே அது மேலும் உயர்ந்திருந்தது. நம் வீடுகளில் குளிர்பெட்டிக் கதவில் இன்சுலின் குப்பி இருப்பது பலர்க்கும் பழகிய காட்சி. அதே வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாய் வாளி வாளியாக நீர் குடித்து இளைத்துப்போகும்போது, 'வயசாகிவிட்டது' என்று கைவிடப்படுகிறது. நோயை நன்கறிந்த வீட்டிலேயே அது இன்னொரு உடலில் அடையாளம் காணப்படாமற்போவது என் மனத்தை உறுத்துகிறது. ஆகவே அடையாளங்களைச் சற்று விரித்துக் கூறுதல் தகும்.

நான்கு குறிகள் ஒருங்கே வரும். நாய் மிகுதியாக நீர் குடிக்கும், மிகுதியாகச் சிறுநீர் கழிக்கும், முன்னினும் பசித்து உண்ணும், உண்டும் இளைக்கும். உடல் எடையில் ஒரு கிலோவிற்கு நாளொன்றுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் நீர் குடித்தால் அது இயல்பன்று. பத்துக் கிலோ நாய் ஒரு லிட்டரைக் கடந்து குடிக்குமாயின் ஐயுற வேண்டும். இரவில் வெளியே விடச் சொல்லி முனகுவதும், ஒழுக்கம் பழகிய நாய் வீட்டினுள் நனைப்பதும் பலர் முதலில் காணும் குறி. ஸ்ட்ராஸ்பூர்க் நாய் காட்டியதும் அதுவே. காரணம் எளிது. இரத்தத்தில் சர்க்கரை, நூறு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 180 முதல் 220 மில்லிகிராம் என்னும் அளவைத் தாண்டியதும் சிறுநீரகம் அதனைத் தடுத்து வைக்க இயலாமல் நீரில் விடுகிறது. சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துச் செல்கிறது. குடித்ததால் கழிக்கவில்லை, கழிப்பதால் குடிக்கிறது. ஆதலின் வீடு நனைகிறதே என்று தண்ணீர்த் தட்டை எடுத்துவிடுதல் பெருந்தீங்கு.

சிமெந்துத் தரையில் காய்ந்த நீரை எறும்பு மொய்ப்பது பழைய வைத்தியர் கண்ட சான்றுதான். எனினும் எறும்பு வராமையை நோயின்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. சிறுநீரகக் கேடு, அட்ரினல் சுரப்பியின் மிகை ஆகியவற்றாலும் தாகம் பெருகும். கருத்தடை செய்யாத பெண்நாய் பருவம் கழிந்த சில வாரங்களில் இவ்வாறு மிகுதியாக நீர் குடித்துச் சோருமாயின் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அது நாள் கடத்தத் தகாத அவசரம். சிறுநீரிலும் இரத்தத்திலும் சர்க்கரையை ஒருங்கே கண்டு மருத்துவரே முடிவு கூற வேண்டும்.

கண்ணில் படலம் விழுதல் நாய்க்கே உரிய கொடுமை. நீரிழிவுற்ற நாய்களுள் பெரும்பாலானவற்றிற்கு ஓராண்டிற்குள்ளாகவே இது நேர்கிறது. கண்வில்லையினுள் புகுந்த மிகைச் சர்க்கரை வேறொரு பொருளாக மாறி நீரை ஈர்க்க, வில்லை வெளுத்து ஒளி மறைகிறது. சில வாரங்களில் இரு கண்ணும் பாலாடை பூத்ததுபோல் ஆகிவிடுவதும் உண்டு. பலர் நாயை மருத்துவரிடம் கொண்டுசெல்வதே அது சுவரில் முட்டத் தொடங்கிய பின்னர்தான். அறுவையால் பார்வையை மீட்கலாம், செலவு பெரிது. வாந்தி, உணவு மறுத்தல், வேகமான ஆழ்ந்த மூச்சு, வாயில் பழநாற்றம் ஆகியவை தோன்றினால் உடல் கொழுப்பை எரித்து அமிலம் தேங்கிவிட்டது என்று பொருள். அன்றே மருத்துவமனை செல்லாவிடில் உயிர் தங்காது.

இனிப்புத் தின்றதால் வந்தது என்பது நம்மவரிடை வேரூன்றிய கருத்து. நாயைப் பொறுத்தவரை இது பாதி உண்மைகூட அன்று. பூனைக்கு வருவது மனிதரின் நடுவயது நீரிழிவை ஒத்தது. நாய்க்கு வருவதோ இன்சுலின் சுரக்கும் அணுக்களே அழிந்துபோகும் வகை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் கணையத்தையே தாக்குதல், கணைய அழற்சி, பெண்நாயின் பருவச் சுரப்பு, பிறவிக் கூறு ஆகியவை காரணங்கள். தீபாவளிக்கு ஆட்டுக்கொழுப்பையும் எலும்பையும் அள்ளிப் போடுவது இனிப்பைவிடக் கேடு. கொழுப்பு மிக்க உணவு கணைய அழற்சியைத் தூண்டக்கூடும். சமோயெட், சிறுவகை ஸ்னாசர், பூடில் முதலிய இனங்களில் நோய் மிகுதி. செருமன் ஷெப்பர்டில் குறைவு. சுவீடன் நாட்டு எல்க்ஹவுண்ட் இனத்தில் நோயுறுவன ஏறத்தாழ எல்லாமே பெண்நாய்கள். பருவத்திற்குப் பின் பெருகும் புரொஜெஸ்டரோன், வளர்ச்சிச் சுரப்பைத் தூண்டி இன்சுலினுக்கு எதிராக நிற்பதே காரணம். அத்தகைய நாய்க்குக் காலத்தோடு கருத்தடை செய்தால் நோய் அடியோடு விலகுவதும் உண்டு. நம் வட்டாரத்தில் கருத்தடை செய்யாத பெண்நாய்களே பெரும்பான்மை ஆதலின் இச்செய்தி நமக்கு மிகவும் வேண்டுவது.

மாத்திரையால் பயனில்லை. வீட்டில் பெரியவர்க்கு வாங்கிய நீரிழிவு மாத்திரையை நாய்க்கு உடைத்துக் கொடுத்தல் வீண். சில மாத்திரைகள் சர்க்கரையைத் திடீரென வீழ்த்தி ஊறும் செய்யும். நீரிழிவாளர் வீட்டில் மற்றொரு மறைந்த இடரும் உண்டு. சர்க்கரையில்லா மிட்டாயிலும் மெல்லும் பசையிலும் சேர்க்கும் 'சைலிட்டால்' மனிதர்க்குத் தீங்கற்றது. நாயின் கணையத்தையோ அது வெள்ளமென இன்சுலினைச் சுரக்கச் செய்து, மயக்கத்திலும் ஈரல் கேட்டிலும் கொண்டுபோய் விடுகிறது. தாத்தாவின் மிட்டாய்ப் புட்டியை நாய்க்கு எட்டா உயரத்தில் வைத்தல் வேண்டும்.

மருத்துவ முறை இன்சுலின் ஊசியே. பெரும்பாலும் பன்னிரண்டு மணி இடைவெளியில் நாளுக்கு இருமுறை. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு, ஒரே வகை உணவு. காலையில் தோட்டத்திற்கோ ஆலைக்கோ சிங்கப்பூருக்கோ விடியுமுன் கிளம்பும் வீட்டார், ஊசி நேரத்தைத் தம் வேலை நேரத்தோடு பொருத்தி அமைத்துக்கொள்ள வேண்டும். நேரந்தவறாமை மருந்தில் பாதி. அளவை மருத்துவரே வரையறுப்பார். அதனைச் சிறுகச் சிறுகத் திருத்துவார். ஊசிக்குழலில் ஒரு நுட்பம் உண்டு. மனிதர்க்குரிய இன்சுலின் மில்லிலிட்டருக்கு 100 அலகு. நாய்க்குரிய கேனின்சுலினோ 40 அலகு. குழலின் கோடுகளும் அதற்கேற்ப வேறு. நூறு அலகு மருந்தை நாற்பது அலகுக் குழலில் பத்தாம் கோடு வரை இழுத்தால் பத்து அலகிற்குப் பதில் இருபத்தைந்து அலகு உடலிற் புகும். குப்பியில் உள்ள எண்ணும் குழலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று நோக்காமல் ஊசி போடலாகாது.

மருந்தை 2 முதல் 8 செல்சியஸ் பாகை வரையிலான குளிரில் வைக்க வேண்டும், உறையவும் விடலாகாது. மின்விளக்கே எட்டாத லயங்களில் இது எங்ஙனம் கூடியிருக்கும்? இந்தியச் சிற்றூர்களில் ஈரமணல் இட்ட மண்பானைக்குள் குப்பியை வைத்துக் காத்த முறை உண்டு. குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இருந்த நாய்க்கு அக்காலத்தில் இந்நோய் தீராப் பிணியாகவே இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

மிகைச் சர்க்கரை மெல்லக் கொல்லும். குறைச் சர்க்கரை விரைந்து கொல்லும். ஊசி போட்டபின் நாய் உண்ணாவிடினும், வழக்கத்தினும் மிகுதியாக ஓடி ஆடினாலும், அளவு பிழைத்தாலும் சர்க்கரை வீழும். தள்ளாட்டம், நடுக்கம், பார்த்தும் பாராத விழிப்பு, பின் வலிப்பு என அது வளரும். உடனே ஈறுகளில் தேனையோ சர்க்கரைப் பாகையோ தடவ வேண்டும். வலிப்பின்போது வாய்க்குள் ஊற்றலாகாது, மூச்சுக் குழலிற் சென்றுவிடும். பிறகு மருத்துவரை நாட வேண்டும். காலையில் உணவை மறுத்த நாய்க்கு வழக்கமான ஊசியை முழு அளவில் போடாமல் முதலில் மருத்துவரைக் கேட்டல் நன்று.

முதல் சில மாதங்களே கடினமானவை. அவற்றைக் கடந்த நாய்கள் ஆண்டுக்கணக்கில் நலமாக வாழ்கின்றன. பார்வை இழந்த நாயும், கட்டிலையும் நாற்காலியையும் இடம் மாற்றாத வீட்டில், மோப்பத்தாலும் செவியாலும் வழக்கம்போல் நடமாடும். காது மடலில் துளி இரத்தம் எடுத்து வீட்டிலேயே அளவு பார்க்கலாம். ஒரு நாள் முழுதும் இரண்டு மணிக்கு ஒருமுறை பார்த்தால் சர்க்கரை ஏறி இறங்கும் வளைவு கிடைக்கும். மருத்துவர் அதனைக் கொண்டே அளவைத் திருத்துகிறார். எடை, குடித்த நீர், உண்ட அளவு, ஊசி அலகு, நேரம் ஆகியவற்றைப் பள்ளிக் குறிப்பேடு ஒன்றில் நாள்தோறும் எழுதி வருதல் போதும். வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் அப்பணியை ஒப்படைக்கலாம். ஊசியைப் பெரியவர் போடட்டும். எழுதுவதில் பிள்ளைகள் தவறுவதில்லை.